சட்டைப்பையில் பச்சைக் காய்

மூன்று ரயில்பாதைகள் வந்து கூடிப் பிரிகிற நாகமரம் ஜங்ஷனில், புளியமரங்களுக்கும் கூட்ஸ் யார்டுக்கும் நடுவே செங்கல் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கிற எங்கள் ரயில்வே காலனியில், எந்த ஆட்டமும் உட்கார்ந்த இடத்தில் முடிந்ததாகச் சரித்திரம் கிடையாது. டிரைவர்களும் கார்டுகளும் குடியிருக்கிற காலனி அது. டூட்டிக்கு அழைப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. முன்பு ஒரு ஆள் சைக்கிளில் வந்து கதவைத் தட்டுவார், இப்போது செல்போன் அடிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அழைப்பு வந்துவிட்டால் பாதிச் சோற்றில் எழுந்துவிட வேண்டும், பாதிச் சவரத்தில் எழுந்துவிட வேண்டும், பாதிச் சண்டையில்கூட எழுந்துவிட வேண்டும், மீதிச் சண்டை எங்கோ ஒரு ஊரின் தண்டவாளத்தைத் தொட்டுவிட்டு ஆறிப்போய் வீடு திரும்பும்.

அதனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. லூடோவோ தாயமோ கேரமோ, ஆட்டத்தின் நடுவே அழைப்பு வந்தால், போகிறவர் தன் காய்களில் ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். அந்தக் காய் இல்லாமல் அவருக்குப் பதிலாக யாரும் ஆடி முடித்துவிட முடியாது. மிச்சப் பலகைமேல் ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். பெருக்குகிறவர்கள் அதைச் சுற்றிப் பெருக்குவார்கள், குழந்தைகள் அதைத் தாண்டி ஓடுவார்கள், ஒருவரும் திறக்க மாட்டார்கள். போனவர் வந்து, குளித்து, ஒரு டீ குடித்து, பையிலிருந்து காயை எடுத்துப் பழைய கட்டத்தில் வைத்ததும் விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடரும்.

போனவர்களில் சிலர் வரவில்லை. டிரங்குப்பெட்டி வந்தது, சாப்பாட்டு கேரியர் வந்தது, மடித்த சட்டை வந்தது, சட்டைப்பையில் காய் மட்டும் இருக்காது. அப்படிப்பட்ட வீடுகளில் தாம்பாளம் கவிழ்ந்தபடியே கிடந்தது. புதிதாகக் குடி வருகிறவர்களிடம், இது இன்னாருடைய ஆட்டம், நகர்த்தாதீர்கள் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இந்த வழக்கத்தைக் காலனியிலேயே வெறுத்த ஒரே மனிதர் எங்கள் எதிர்வீட்டுப் பரஞ்சோதி அண்ணன்.

அவர் பார்சல் ஆபீஸ் கிளார்க். ஆட்டம் என்றால் உயிர். பாதியில் எழுந்து போகிறவர்களைக் கண்டால் அந்த உயிர் கொதிக்கும். செல்போனில் முகம் தெரியாதவர்களோடு ஆடுவார். அவர் ஜெயிக்கப் போகிற நேரத்தில் எதிராளியின் படம் சாம்பல் நிறமாகி அணைந்துபோகும். "தோக்குறப்ப மட்டும் நாட்டுல எல்லாருக்கும் நெட்டு போயிடுதுப்பா" என்று எங்கள் வாசலில் வந்து புலம்புவார். நேரில் ஆட வருகிறவர்களோ போனைப் பார்த்தபடி பகடையை உருட்டுவார்கள், நான்கு விழுந்தால் ஐந்து கட்டம் நகர்த்துவார்கள், பிடிபட்டால் சிரிப்பார்கள். அவருக்கு அது சிரிப்பு இல்லை. அவருக்குக் காலனி வைத்த பெயர் ரூல்ஸ்.

வீடு முழுக்கப் பழைய பலகைகளாகச் சேர்த்து வைத்திருந்தார். காயலாங்கடையில் எடை போடுவதற்கு முன்பு ஓடிப்போய்ப் பொறுக்கியவை, குடும்பங்கள் கலைந்தபோது கேட்டு வாங்கியவை: துணியில் எழுதிய பரமபதம், ஊர்களை விலைக்கு வாங்குகிற அட்டைப் பெட்டி, தகரத்தில் செய்த குதிரைப் பந்தயம். எல்லாவற்றிலும் ஏதாவது ஒன்று குறையும். பரமபதத்தில் ஒரு பாம்பின் தலையைக் கரையான் தின்றிருந்தது, குதிரைப் பந்தயத்தில் குதிரை இல்லாமல் ஒரு ஜாக்கி மட்டும் கால் அகட்டி நின்றான். குறையே இல்லாத செட் ஒன்றுதான். கோச் ஒர்க்‌ஷாப் தச்சர் ஒருவர் ஈட்டி மரத்தில் கடைந்து, அடியில் கம்பளித்துணி ஒட்டி, நான்கு வண்ணம் பூசிய லூடோ. பதினாறு காயும் இருந்தன. அதை அவர் தூசி துடைக்கிற விதத்தைப் பார்த்துவிட்டு சுகிர்தா அக்கா, "என் மூஞ்சியக்கூட இப்படித் தொடச்சதில்ல இந்த மனுஷன்" என்பார்.

சுகிர்தா அக்கா அவர் மனைவி. கூட்ஸ் வண்டியில் அசிஸ்டென்ட் டிரைவர். நீலச் சட்டையின் ஒரு பையில் எப்போதும் வறுத்த கடலை இருக்கும். உட்கார்ந்த இடத்தில் சிவப்புத் தோல் உதிர்ந்திருக்கும். பகடையை மூடிய கைக்குள் வைத்து இரண்டு முறை ஊதித்தான் உருட்டுவார்.

ஒரு பிற்பகல் இரண்டு பேரும் அந்த ஈட்டிமரப் பலகையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவருக்குச் சிவப்பு, அக்காவுக்குப் பச்சை. காய் கடைசிக் கட்டம் ஏறிவிட்டால் அதைப் பழம் என்போம். அக்காவுக்கு மூன்று பழம் ஆகி ஒரு காய்தான் பாக்கி, அண்ணனுக்கு இரண்டு பாக்கி. செல்போன் அடித்தது. அக்கா பெருமூச்சு விட்டு, சட்டையை மாட்டி, வழக்கப்படி பச்சைக் காயை எடுத்துப் பையில் போட்டார். அண்ணன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெச்சுட்டுப் போ. எங்கயாச்சும் உழுந்துரும்."

"ஏன்யா, எல்லாரும் எடுத்துட்டுப் போறதுதான?"

"எல்லார் ஊட்டுலயும் பிளாஸ்டிக்கு. பதினாறும் இருக்கற செட்டு இது ஒண்ணுதான், சுகி. நான் ஒண்ணும் திருட்டு ஆட்டம் ஆட மாட்டேன்."

அக்கா சிரித்தார். அவர் பிடியிலிருந்து கையை மெதுவாக விடுவித்து, காயை எடுத்துத் திரும்பக் கட்டத்தில் வைத்தார். "செரி ரூல்ஸு. வந்து வெச்சுக்கறேன் உன்ன" என்று சொல்லிவிட்டுக் கடலைத்தோலைத் தட்டிவிட்டுப் போனார். செம்மண்மேடு ஸ்டேஷனில் வண்டியை ஒப்படைத்துவிட்டு, டிரைவர்கள் தங்குகிற ரன்னிங் ரூமில் கட்டிலில் படுத்தார். எழுந்திருக்கவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் நின்றுவிட்டது என்றார்கள்.

சட்டை வந்தது. பை காலியாக இருந்தது. மற்ற வீடுகளில் பை காலியாக வந்தபோது, காய் அவரோடு போயிருக்கிறது என்று அழுதார்கள். இந்த வீட்டில் காய் பலகையிலேயே இருந்தது. அண்ணன் தாம்பாளத்தைக் கவிழ்த்துவிட்டு, அன்றிலிருந்து யாரோடும் ஆடவில்லை.

அக்கா போன மூன்றாவது மழைக்காலத்தில் காய்கள் திரும்ப வர ஆரம்பித்தன.

முதலில் வந்தது கமலவேணி அத்தை வீட்டுக்கு. துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அத்தையின் விரலில் மஞ்சள் லூடோக் காய் ஒன்று தட்டுப்பட்டது. வீட்டுக்காரர் டிரைவர் துரைக்கண்ணு பல வருஷத்துக்கு முன் பையில் போட்டுக்கொண்டு போனது. அத்தை அதைக் கழுவி, முந்தானையில் துடைத்து, தாம்பாளத்தைத் திறந்து பழைய கட்டத்தில் வைத்துவிட்டுப் பருப்பை வேகப் போட்டார். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது உள்ளே பகடை உருளும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் ஐந்து விழுந்திருந்தது. மஞ்சள் காய் ஐந்து கட்டம் நடந்து நின்றது. அறை முழுக்க பீடி வாசம்.

"வந்ததுதான் வந்தீங்க, கால கழுவிட்டு வந்தீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அத்தை தன் முறைக்கு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாக வந்தது. ஒரு வீட்டில் குழாயைத் திறந்தபோது தண்ணீரோடு கேரம் காய் விழுந்தது. ஒரு வீட்டில் பிறந்து பதினோரு நாளான குழந்தை விரலை விரித்தபோது உள்ளங்கையில் தாயக்காய் இருந்தது. காயைக் கட்டத்தில் வைத்தால் ஆள் வந்துவிடுவார்; கண்ணுக்குத் தெரிய மாட்டார், கட்டில் கயிறு தாழும், விசிறி தானாக வேகம் கூடும், அவரவர் வாசம் வரும். யார்டில் கூட்ஸ் வண்டி நீளமாக ஒரு ஹாரன் அடித்தால் கட்டில் கயிறு நிமிர்ந்துவிடும். டூட்டிக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். இரண்டு நாள் ரெஸ்ட் கழித்துத் திரும்ப வருவார்.

காலனி இதற்குப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. செத்தும் டூட்டியா என்று சிலர் வருத்தப்பட்டார்கள், அதற்கு மேல் ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை. காய்கறி வண்டிக்காரர், "இன்னிக்கி உங்க ஊட்டுக்காரரு ரெஸ்ட்டாமே, கால் கிலோ சேத்து வாங்கிக்கங்க" என்று வியாபாரத்தைப் பெருக்கினார். ஒரு மருமகன், செத்த மாமனார் இன்னமும் கள்ள ஆட்டம் ஆடுகிறார் என்று காலனிச் சங்கத்தில் புகார் சொன்னார். சங்கச் செயலாளர் இஸ்மாயில் பாய், தானும் டிரைவர் என்பதால், பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உசுரோட இருந்தப்ப கேக்க வேண்டியத இப்ப வந்து கேட்டா நான் யாருக்குய்யா நோட்டீஸ் அனுப்பறது?" என்றார். வாசம் வருகிற வீடுகளில் சத்தமாக டிவி வைக்கக் கூடாது என்று மட்டும் ஒரு முடிவு எடுத்தார்கள்.

கமலவேணி அத்தையின் ஆட்டம்தான் முதலில் முடிந்தது. துரைக்கண்ணு மாமாவின் நான்காவது காய் பழமானது. அத்தை கைதட்டி, "கடைசில ஜெயிச்சிட்டீங்க போங்க" என்றார். அந்த நிமிஷமே கட்டில் நிமிர்ந்தது. ஹாரன் அடிக்கவில்லை. மறுநாள் வரவில்லை, அடுத்த வாரம் வரவில்லை. அத்தை எல்லாக் காய்களையும் புதிதாக அடுக்கி வைத்தார், தன் முறையை ஆடினார், எதிர் முறைக்குக் காத்திருந்தார். பகடை கிடந்த இடத்திலேயே கிடந்தது. பீடி வாசம் முதலில் தலையணையை விட்டுப் போனது, பிறகு கதவிடுக்கை விட்டு, கடைசியாக அலமாரியின் உள்ளறையை விட்டுப் போனது.

அதற்கப்புறம் நாகமரத்தில் ஒருவரும் ஆட்டத்தை முடிக்கவில்லை. ஏற வேண்டிய காயை ஏற்றாமல் விட்டார்கள், வெட்ட வேண்டிய காயை வெட்டாமல் விட்டார்கள், ஆறு விழுந்தால் பகடையைக் கீழே தட்டிவிட்டு மறுபடி உருட்டினார்கள். வயதான பெண்கள் பழத்துக்கு ஒரு கட்டம் முன்னால் காயை நிறுத்திவிட்டு, இல்லை இல்லை, எண் சரியாக விழவில்லை என்று தலையாட்டியபடி மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். எந்த வீட்டு ஜன்னலைத் தாண்டிப் போனாலும் பகடை உருளுகிற சத்தம் கேட்கும், ஜெயித்த சத்தம் கேட்காது.

இது பரஞ்சோதி அண்ணனைத் தூங்க விடவில்லை. வீடு வீடாகப் போய்ச் சத்தம் போட்டார். "என்ன ஆட்டம் இது? காயி வாசப்படில நிக்குது, ஏத்தாம சுத்திக்கிட்டிருக்கீங்க! செத்தவங்க கையிலயும் ஏமாத்துவீங்களா?"

கமலவேணி அத்தை ஒருநாள் அவரைத் தன் வீட்டுக்குள் கூப்பிட்டு, புதிதாக அடுக்கி வைத்த பலகையைக் காட்டினார். "இங்க பாரு பரஞ்சோதி. ரூல்ஸ் படி முடிச்சேன். இப்ப யாரு கூட ஆடட்டும், சொல்லு."

அண்ணன் வீட்டுக்கு வந்து, தாம்பாளத்தைத் திறந்து, பச்சைக் காயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காலனியில் எல்லாருக்கும் ஆள் வந்தது. அவருக்கு மட்டும் வர வழியில்லை, ஏனென்றால் அவர் பலகையில் எதுவும் குறையவில்லை. எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தபோது, குறையில்லாத ஒரு பொருளை மனிதர் இப்படி வெறுத்துப் பார்ப்பதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

மறுநாள் அவர் அந்தப் பச்சைக் காயைத் தொலைக்கத் தொடங்கினார். குப்பைத்தொட்டியில் போட்டார், பெருக்க வந்த அம்மா, "சார், இது உங்க செட்டாச்சே" என்று கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். யார்டில் நகர்ந்துகொண்டிருந்த நிலக்கரி வேகனில் எறிந்தார்; அடுத்த ஸ்டேஷனில் யாரோ பார்த்து, நாகமரம் ரூல்ஸுடையது என்று தெரிந்து, கார்டு மூலமாகத் திருப்பி அனுப்பினார்கள். சந்தைக்கூட்டத்தில் கைதவறுவது போலக் கீழே விட்டார். பேருந்து ஏறுவதற்குள் மூன்று பேர் பின்னாலேயே ஓடி வந்தார்கள். வருஷக்கணக்காக ஊர் முழுக்கத் தன் காய்களைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தார் அல்லவா, யாரும் அவரைத் தொலைக்க விடவில்லை. உயிரோடிருக்கிறவர்களின் கையால் திரும்பி வந்த காயைக் கட்டத்தில் வைத்தால் ஒன்றும் நடக்காது. கடலைத்தோல் வாசம்கூட வராது.

கடைசியில் இஸ்மாயில் பாய் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"பாய், செம்மண்மேடு லைன் உங்களுக்கு எப்ப?"

"நாளைக்கி. ஏன்?"

அண்ணன் பச்சைக் காயை நீட்டினார். "அந்த ரூம்ல, அவ படுத்த கட்டில்ல, தலவாணிக்கி அடியில வெச்சிட்டு வந்துருங்க. யாருன்னா கேட்டா என்னுதுன்னு சொல்லாதீங்க."

பாய் காயை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "பதினாறும் இருக்குன்னு பெருமப்பட்டுக்கிட்டிருந்தியே."

"அதத்தான் பாய் தூக்கிட்டுப் போங்கன்னு சொல்றேன்."

பாய் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்ததும், ஒரு தடவை வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து தலையணையைத் தூக்கிப் பார்த்ததாகவும், காய் இல்லை என்றும், அறைக்குள் வேறு யாரும் வரவில்லை என்றும் சொன்னார். அண்ணன் நன்றி சொல்லக்கூட மறந்து வீட்டுக்குள் போனார். அரிசி டப்பாவில் தேடினார், குழாயைத் திறந்து மூடினார், பருப்பைத் தட்டில் கொட்டினார். நாள் போனது. பலகையில் பச்சைக் கட்டம் ஒன்று காலியாக, பல் விழுந்த வாய் போல இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மழை வரப்போகிறது என்று துணி எடுக்கப் போனவர், பீரோவைத் திறந்து சுகிர்தா அக்காவின் நீலச் சட்டையை எதற்கோ எடுத்து முகத்தில் வைத்தார். பையில் ஏதோ கன்னத்தில் இடித்தது. கையை விட்டார். அக்கா எடுத்துப் போகாத காய், எடுத்துப் போனவர்களின் காய் எங்கே இருக்குமோ அங்கே இருந்தது.

அவர் அதைக் கட்டத்தில் வைத்தபோது நாங்கள் ஜன்னலில் நின்றோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தரையில், யாரும் தொடாமல், சிவப்புக் கடலைத்தோல் ஒன்று மெல்ல வந்து விழுந்தது. அடுத்து இன்னொன்று. பகடை பலகையிலிருந்து எழும்பி, அந்தரத்தில் மூடிய கைக்குள் இருப்பது போலக் காணாமல் போனது. இரண்டு முறை ஊதுகிற சத்தம் கேட்டது. மூன்று விழுந்தது.

"வா" என்றார் அண்ணன்.

அவர் ஆடினார், முறைப்படிதான் ஆடினார். வெட்ட வேண்டியதை வெட்டினார், வெட்டுப்பட்டபோது காயை எடுத்து வெளியே வைத்தார். ஹாரன் அடித்தால் அக்கா போவார், ரெஸ்ட் முடிந்தால் வருவார், தரையில் தோல் சேரும், அண்ணன் அதைப் பெருக்காமல் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைப்பார். அவருடைய மூன்றாவது சிவப்புக் காய் பழமான அன்று காலனியே அந்த வீட்டுக்குள் வந்துவிட்டது. கடைசிச் சிவப்புக் காய் பழத்துக்கு இரண்டு கட்டம் முன்னால் நின்றது. அதுவும் ஏறிவிட்டால் ஆட்டம் முடிந்தது.

"ஏத்தாத பரஞ்சோதி" என்றார் கமலவேணி அத்தை. "என்னப் பாரு. ஏத்தாத."

"ரெண்டு விழுந்தா ஏத்தித்தான ஆவணும், அத்த."

"விழாதுன்னு நெனச்சுக்கிட்டு உருட்டு."

அவர் உருட்டினார். பகடை ஓடி, பலகையின் ஓரத்தில் முட்டி, அசைந்து, நின்றது. இரண்டு புள்ளி. அறையிலிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வாழ்நாளில் ஒருமுறைகூட ஒரு கட்டம் தள்ளி வைக்காத அந்த மனிதர், பகடையைக் கையால் மூடிக்கொண்டு, "மூணு" என்றார். "மூணு விழுந்திருக்கு. ஏற முடியாது. உன் முறைதான், சுகி, நீ ஆடு."

ரூல்ஸ் என்று ஒருவரும் கூப்பிடவில்லை. இஸ்மாயில் பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணனின் விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அவர் நிமிர்த்தவில்லை, முன்பு ஒருநாள் அக்கா அவர் பிடியிலிருந்து தன் கையை விடுவித்தது போலவே, மிகவும் மெதுவாக யாரோ அவர் விரல்களை விலக்கிப் பகடையைத் திறந்து வைத்தார்கள். இரண்டு. சிவப்புக் காய் தானாக ஒரு கட்டம் நடந்தது. நின்றது. அவர் முகத்தைப் பார்ப்பது போலச் சற்று நேரம் நின்றது. பிறகு இன்னொரு கட்டம் ஏறிப் பழமானது.

கிண்ணத்திலிருந்த கடலைத்தோல் முழுவதும் காற்றில்லாமலே ஒரு முறை எழும்பி அடங்கியது. அக்கா பக்கத்தில் அழுந்தியிருந்த கோரைப்பாய் நிமிர்ந்தது. ஹாரன் அடிக்கவில்லை. மழை மட்டும் வந்தது.

வெகுநேரம் கழித்துக் கமலவேணி அத்தைதான் பலகையைக் குனிந்து பார்த்தார். "பரஞ்சோதி, பச்சையில ஒண்ணக் காணமே."

மூன்று பச்சைப் பழங்கள் இருந்தன. வழியில் நின்றுகொண்டிருந்த நான்காவது காய் இல்லை. கோரைப்பாய்க்கு அடியில் பார்த்தார்கள், பலகையைத் தூக்கிப் பார்த்தார்கள். அண்ணன் பீரோவைத் திறந்து நீலச் சட்டையின் பையில் கையை விட்டார். காலி.

"முடிஞ்ச ஆட்டத்துலேருந்து காய எடுத்துட்டுப் போலாமாய்யா?" என்று இஸ்மாயில் பாய் கேட்டார். "அப்படி ரூல்ஸ் இருக்கா?"

அண்ணன் நிறைய நேரம் யோசித்தார். அவருக்குத் தெரிந்த எல்லா ஆட்டங்களின் எல்லா விதிகளையும் மனதுக்குள் புரட்டிப் பார்க்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்தது.

"இல்ல" என்றார். பிறகு, "இனிமே இருக்கு."

கமலவேணி அத்தை அந்த மழையிலேயே வீட்டுக்கு ஓடினார். தன் பலகையில் மஞ்சள் காய்களை எண்ணினார். நான்கும் இருந்தன. "அந்த மனுசனுக்கு எப்பவுமே எதையாவது வெச்சிட்டுப் போற பழக்கந்தான்" என்று சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டார். ஆனால் அதன் பிறகு அவர் காய்களைக் கட்டத்தில் அடுக்கவில்லை.

மற்ற வீடுகளில் இன்னும் பகடை உருளுகிறது. சிலர் துணிந்து முடித்தார்கள், சிலர் முடிக்கவில்லை, இப்போது எந்த வீட்டில் எப்படி என்று நாங்கள் கேட்பதில்லை. எதிர்வீட்டில் பரஞ்சோதி அண்ணன் பதினைந்து காய்களையும் துடைத்து, புது ஆட்டத்துக்கு அடுக்கி, பச்சை மூலையில் ஒரு இடத்தைக் காலியாக விட்டு, தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு இன்னும் மூன்று மழைக்காலம் போய்விட்டது. யாராவது புதிதாக வந்தவர், வீட்டில் அக்கா இல்லையா என்று கேட்டால், அவர் சுவரிலிருக்கும் படத்தைக் காட்டுவதில்லை.

"டூட்டில இருக்கா" என்பார்.